ஏறாத வாசல்

பனி முழங்கால்வரை கிடக்கிறது, லூசியன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூட்ஸ் மாட்டுகிறான், குளிர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எல்லா வீட்டுக்கும் போறே, உங்க அண்ணன் வீட்டுக்கு மட்டும் ஏன் போக மாட்டேங்கறே என்கிறேன், அவன் குனிந்தபடியே, அந்த வீட்டு நாய்கிட்ட வேணா கேட்டுட்டு வரேன், அதுக்கும் சேத்துத்தானே பாடம் எடுக்கறான், என்னைவிட நல்லா அபெனாக்கி பேசும் என்கிறான், நான் சிரித்துவிடுகிறேன், சிரித்திருக்கக் கூடாது, அபெனாக்கி அவர்களுடைய பாஷை, கனடாவின் பூர்வகுடிகள் அவர்கள், இந்த ஒடனாக் ஊரில் புத்தாண்டுக் காலையில் வீடு வீடாகப் போய், உனக்கு நான் ஏதாவது தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள் என்று அந்தப் பாஷையில் கேட்பார்கள், மற்ற நாளெல்லாம் பிரெஞ்சில் பேசுகிறவர்கள்கூட அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடவில்லை, திருச்சியிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்து இந்த ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கும் கேட்டுக் கேட்டு அது படிந்துவிட்டது, அதற்குமேல் ஒரு சொல் தெரியாது.

அண்ணன் தம்பி இருவரின் அம்மா சாகக் கிடந்த அறை கனவில்கூட வருகிறது, அண்ணன் அர்மான் டேப் ரெக்கார்டரை அவள் தலைமாட்டில் வைக்கிறார், அம்மா பேசட்டும்டா, நாளைக்கு நம்ம பிள்ளைங்க கேக்கணும், லூசியன் அதைத் தூக்கி அவர் மார்பில் திணித்து, அவ சாகப் போறா, அவளைக் காட்சிக்கு வைக்காதே, வெளியே போ என்கிறான், அவர் போனார், பிறகு அவளும் போனாள், அவள் பேசியது எதுவும் மிஞ்சவில்லை, ஊர்மன்றத்தில் பாடம் எடுக்கும்போது ஒரு சொல் வராமல் அர்மான் கரும்பலகை முன்னால் நின்றுவிடுகிறாராம், அம்மா சொல்வாளே, அம்மா சொல்வாளே என்கிறாராம், நான் வந்து சொன்னால் லூசியன் விறகை அடுக்கிக்கொண்டே இருப்பான், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குவான்.

இப்போது ஜூலை, பக்கவாதம் அவனிடமிருந்து பிரெஞ்சையும் இங்கிலீஷையும் எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் பேசிய பாஷையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, தண்ணீர் கேட்கிறானா, ஜன்னலைச் சாத்தச் சொல்கிறானா, இத்தனை வருடம் கூட வாழ்ந்தவனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேறு வழியில்லாமல் அர்மானைக் கூப்பிட்டேன், வந்துவிட்டார், வாசலிலேயே தொப்பியைக் கழற்றி, உள்ள வரலாமாம்மா என்று என்னைக் கேட்கிறார், கட்டிலோரம் உட்காருகிறார், லூசியன் ஏதோ சொல்கிறான், காலுக்கடியில தலகாணி வேணுமாம், வைக்கிறேன், மறுபடி சொல்கிறான், அவர் தயங்கி, சூப்புல உப்பே இல்லையாம், கல்யாணமான நாள்லேர்ந்தே இல்லையாம் என்கிறார், சிரிக்கிறோமா அழுகிறோமா தெரியவில்லை, அர்மானின் கை சட்டைப்பைக்குள் போகிறது, சின்ன ரெக்கார்டர் ஒன்று அங்கே கனத்துத் தொங்குவது தெரிகிறது, கை வெறுமையாகவே வெளியே வந்து மடியில் கிடக்கிறது, லூசியன் அந்தக் கையையே பார்க்கிறான், பிறகு கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, எதையோ சொல்கிறான், அர்மான் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார், சொல்ல வேண்டியதும் இல்லை, வாசலில் பனி இல்லை, திறந்த கதவு வழியே ஆற்றின் வெக்கை வருகிறது, உனக்கு நான் ஏதாவது தீங்கு செய்திருந்தால், என்கிறான் லூசியன், பொறுத்துக்கொள்.