மூன்று தட்டிலும் ஒரே கோழி

சுவைக்கூடத்தில் சிவப்பு விளக்குதான் எரியும். கறியின் நிறத்தைப் பார்த்து யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. தடுப்புக்குள் உட்கார்ந்ததும் மூன்று தட்டுகள் வரும். இரண்டில் ஒரே கறி, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இந்தத் தீவனக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து நான் தவறியதில்லை.

அன்று மூன்று தட்டும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன.

வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி தின்றேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். கடைசியில் குத்துமதிப்பாக நடுத்தட்டைக் காட்டினேன். மற்றவர்கள் எல்லோரும் முதல் தட்டைக் காட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கும் ஒரே பதில்தான்: மீன் வாடை.

முதல் தட்டில் இருந்தது அக்காவின் பண்ணைக் கோழி.

அக்கா கறிக்கோழி வளர்க்கிறாள். தீவனத்தில் பாமாயிலைக் குறைத்து ஆளி விதை எண்ணெயும் மீன் எண்ணெயும் சேர்க்கச் சொன்னது நான்தான். கோழி எந்தக் கொழுப்பைத் தின்கிறதோ அதுவே கறியிலும் போய்த் தங்கும். நல்ல கொழுப்பு அமிலம் கூடினால் நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லிவைத்தேன். கறியில் அது கூடவும் செய்தது. ஆனால் கறிக்கடைக்காரர் முகம் சுளித்தார். கொழுப்பு இளகி விரலில் ஒட்டுகிறது, மீன் நாறுகிறது என்றார். அக்கா ஒரு கோழியோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"உன் நாக்குக்கு ஒரு கம்பெனியே சம்பளம் கொடுக்குது. நான் ஓசியில கேக்குறேன், தின்னுட்டுச் சொல்லு."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன். அதை நம்பி அவள் கடைக்காரரிடம் போய் உங்கள் மூக்கில்தான் கோளாறு என்றாள். சுவைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம், கோளாறு கோழியில் என்றால் இனி ஒரு கோழிகூட எடுக்க மாட்டேன் என்றார் அவர். கொட்டகை நிறைய வளர்ந்த கோழிகள். அவரை விட்டால் எடுக்க ஆளில்லை. அன்று மதியம் அவர் கடையில் உட்கார்ந்து என் போனுக்காகக் காத்திருந்தாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை பேரும் ஒரே மாதிரித் தவறுவார்களா? சளி பிடித்திருக்கிறதா? அக்கா தோற்கக் கூடாது என்று நானே முகர மறுக்கிறேனா? பாசம் மூக்கை அடைக்குமா?

சாப்பாட்டு அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மதியச் சாப்பாட்டு டப்பாவை மைக்ரோவேவில் வைத்தேன். சூடாகி முடிவதற்குள், என்னோடு சுவை பார்க்கும் கிளி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"யாருப்பா அது, சோதனை நாளும் அதுவுமா மீன் கொண்டாந்தது?"

"மீன் இல்ல. கோழிதான்."

அவள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுவா கோழி? எந்தக் கடல்ல மேஞ்சுது?"

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மேலாளர் அம்மா சிரிக்கவில்லை.

"இந்தக் கோழி ஏது?"

"அக்கா கொடுத்தது மேடம். ஞாயித்துக்கிழமையானா கொண்டாந்துடுவாங்க."

"எப்பலேர்ந்து?"

"முன்னாடிலேர்ந்தே. தீவனம் மாத்துன பிறகும்தான்."

"சோதனைக்கு வர்ற கறிய வீட்டுல சாப்பிடக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கே."

ஒட்டியது நான்தான். ஆனால் அக்கா கொடுத்த கோழியைச் சோதனைக் கறி என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அது அக்கா கொடுத்தது. வாராவாரம் தின்று தின்று, கோழி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என் நாக்கு முடிவு செய்துவிட்டிருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுடி. இந்த மனுஷன் டீய வாங்கிக் கொடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காரு."

"அவர் சொன்னதுதான் சரிக்கா."

"அப்ப நீ சொன்னது?"

"எனக்கு அது பழகிப்போச்சு."

"பழகிட்டா நாத்தம் போயிடுமா?"

"போகாது. தெரியாது, அவ்வளவுதான்."

பின்னால் கோழி வெட்டும் சத்தம் கேட்டது.

"இப்ப இவர்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"இன்னைக்கே மீன் எண்ணெய நிறுத்திடு. பழைய தீவனத்துக்கே மாறு. ரெண்டு வாரம் பொறுத்து எடுக்கச் சொல்லு, வாடை குறையும்."

"குறைஞ்சுதான்னு யாரு பாக்குறது, நீயா?"

என் நாக்குக்கு நானே சாட்சி சொல்ல முடியாத நிலை.

"அவரே தின்னு பாத்துச் சொல்லட்டும்."

போனைத் துண்டிக்காமலே அக்கா திரும்பினாள் போலிருக்கிறது. "உங்க மூக்கு நல்லாத்தான் இருக்காம்யா. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கோழி தர்றேன். நீங்களே தின்னுட்டுச் சொல்லுங்க."

அவர் என்னவோ முனகினார். "ஒண்ணு பத்தாது, ரெண்டா கொடு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

அறையில் யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டப்பா இன்னும் ஆறவில்லை. மீன், மீன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றேன்.

நன்றாகத்தான் இருந்தது.