பட்டியலில் இல்லாத படாளம்

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் கம்பெனி பஸ்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள் ரூத். 2009ஆம் வருடம். பத்துப் பேருக்குக் குறைவாக ஏறும் நிறுத்தங்களைத் திங்கட்கிழமை முதல் எடுத்துவிடப் போகிறார்கள்; மிஞ்சுபவற்றின் பட்டியலை அவள் தர வேண்டும். பெரிய வித்தை இல்லை. நிறுத்தவாரியாக ஆட்களைச் சேர்த்து எண்ணு, பத்துக்குக் கீழே வந்தால் தள்ளு என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதை டேட்டாபேஸின் மொழிக்கு மாற்றி முறையாகக் கேட்கும் வேலையை ஓஆர்எம் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பட்டியல் வந்தது. படாளத்தைக் காணோம்.

படாளம் அவள் ஊர். அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மா மார்கரெட் அங்கேதான் அந்த பஸ் ஏறுகிறாள். பஸ் நிற்காவிட்டால் அம்மா வேலையை விட வேண்டியதுதான். மேலாளர் சதாசிவத்திடம் வெறுங்கையோடு போனால், சொந்த ஊர் என்றதும் கணக்கு கசக்கிறதா என்பார். அவர் வாய் அப்படி.

மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. ஊரப்பாக்கம் மூன்று தடவை இருந்தது. ஓஆர்எம் எழுதிய கேள்வியை அப்படியே காட்டச் சொன்னாள். நிறுத்தத்தோடு ஷிப்டையும் சேர்த்துப் பிரித்திருந்தது. அவள் அப்படிக் கேட்கவே இல்லை. ஆனால் பதிவுகள் எப்போதும் ஷிப்ட் வரிசையில் வரட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் எழுதிவைத்த மகராசி அவளேதான். அந்தச் சமர்த்து ஓஆர்எம் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. படாளத்து ஆட்கள் எட்டு, ஏழு, ஆறு என்று சிதறி, மூன்றுமே தள்ளுபடி.

வரிசையை நீக்கி ஓட்டினாள். படாளம், இருபத்தொன்று. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சதாசிவத்திடம் அது தன் ஊர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் இரண்டு பட்டியலையும் நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார். "ஊர எதுக்கும்மா சொல்ற? தப்புதான் பளிச்னு தெரியுதே" என்று புதுப் பட்டியலை அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மார்கரெட் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஸ்டாப்ப தூக்கிடுவாங்கன்னு பயந்துகினு இருந்தோம். வண்டி நின்னுச்சு. எவனோ தப்பா எண்ணிட்டானாம்."

"எவனும் இல்லம்மா. நாந்தான். அப்பறம் சரியா எண்ணிட்டேன், இருபத்தோரு பேரு."

மார்கரெட் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "அதுல நான் கீறேனா?"

"கீறம்மா" என்றாள் ரூத்.