கட்டிங் டேபிள் மேல் ஒரு கம்ப்யூட்டர்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத் துணி தைப்பது எல்லாத் தையல்காரர்களும் தொடுகிற வேலை இல்லை. உடுப்பு முதுகுப் பக்கம் திறக்க வேண்டும், ஆனால் முதுகில் ஒரு தையல்கூட மேடாக உறுத்தக் கூடாது. பட்டன் வைத்தால் புரளும்போது குத்தும். நாடா வைத்தால் சுருண்டுபோய்க் கழுத்தை இறுக்கும். இந்த வேலையைத்தான் பதினோரு வருஷமாக வீட்டு முன்னறையில் வைத்துச் செய்துகொண்டிருந்தாள் அவள். தெருவுக்கே தையலக்கா. காலை ஏழு மணிக்குப் போனால் ஜன்னலை ஒட்டிய நீள மேசையில் துணியை விரித்து, குனிந்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுடைய பெரிய சொத்து தையல் மெஷின் இல்லை. மேசைக்கு மேலே பலகையில் அடுக்கியிருந்த பன்னிரண்டு நீள நோட்டுகள். இருநூற்றுப் பதின்மூன்று பேரின் அளவுகள் அவற்றில் இருந்தன. நடமாடுகிறவர்களுக்கு ஏழெட்டு அளவு போதும். இவர்களுக்கு அப்படி முடியாது. ஒருவருக்கு முதுகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும், இன்னொருவருக்கு ஒரு கை மடங்கியபடியே விறைத்திருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டும். அந்த அளவை எடுப்பதும் லேசில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பிடித்தால்தான் முதுகுக்கு அடியில் டேப் நுழையும். உடம்பு முழுக்கப் புண்ணும் வலியுமாக இருப்பவரை அப்படித் தூக்கிப் பாருங்கள், தெரியும். அதனால் ஒரு தடவை எடுத்தால் எடுத்ததுதான். அப்புறம் "அக்கா, ரெண்டு விரல் தளர்வா வைங்க" என்று போனில் சொன்னால் போதும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் துணி கொடுக்கப் போனபோது தலைமை நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த மாசத்துல இருந்து ஆர்டர் எல்லாம் மெயில்லதான் அனுப்பச் சொல்லிட்டாங்க. அளவுகளையும் நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கிட்டா நல்லது. ஒண்ணும் பெருசா வேணாம். இதோ, என்னோடது மாதிரி ஒரு சின்ன லேப்டாப் போதும். மடிச்சுப் பையில போட்டுக்கிட்டா, அளவெடுக்கப் போற வீட்டுலயே பதிஞ்சுக்கலாம்."

நர்ஸ் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியும் கொடுத்தார். கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் பெயர், அடுத்ததில் தோள், அதற்கடுத்ததில் கழுத்து. நோட்டில் தான் எழுதுவதைத்தான் இதில் தட்டுகிறார்கள் என்று புரிந்ததும் தையலக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். நல்லவர்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஆனால் பெண்டாட்டி பேசுவது அவருக்கு ஃபேன் ஓடுகிற சத்தம் மாதிரி. இருக்கும், காதில் ஏறாது. "கம்ப்யூட்டரா? அதெல்லாம் நமக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை புருஷன். கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸில் வேலை பார்ப்பவர். அந்தக் கம்ப்யூட்டரை இவர் தொடுவாரா, தூசி தட்டுவாரா என்று யாரும் விசாரித்ததில்லை. வாய் மட்டும் ஏழூருக்குக் கேட்கும். தங்கை வாழ்கிற இடம் ஆயிற்றே, அவர் சொன்னதற்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

கடையில் விற்பனைக்கு நின்ற பெண் முதல் கேள்வியே சரியாகக் கேட்டாள். "என்ன வேலைக்கு வேணும்? யாரு உபயோகிக்கப் போறாங்க?"

தையலக்கா வாயைத் திறந்தாள். "நான்தாம்மா. அளவு எழுதி..."

"எல்லா வேலைக்கும்தான்!" என்று குறுக்கே புகுந்தார் மாப்பிள்ளை. "இருக்கிறதுலயே பவரானது எது? அதைக் காட்டுங்க."

"அளவு எழுதவும் மெயில் பார்க்கவும்னா இந்தச் சின்னதே தாராளம் சார். எடையும் கம்மி" என்று ஒன்றை எடுத்து வைத்தாள் அந்தப் பெண். அது நர்ஸிடம் பார்த்தது போலவே இருந்தது. தையலக்கா கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு துணிக்கட்டு எடைகூட இல்லை.

"தங்கச்சி, அது பிள்ளைங்க விளையாடுற சாமான். கீழ வை" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "மச்சான், வாங்குறது ஒரு தடவை. நாலு பேர் வீட்டுக்கு வந்தா, பார்த்ததும் அசரணும்."

மச்சான் தலையைத் தலையை ஆட்டினார். "அண்ணா, எனக்கு இதுவே..." என்று அவள் மறுபடி ஆரம்பித்ததை இருவரும் கேட்கவில்லை. தைத்துத் தைத்து அவள் இரண்டு வருஷமாகச் சேர்த்தது அத்தனையும் அன்று அந்தக் கடையில் போயிற்று. எலியைப் பிடிக்க மலையைக் கெல்லினார்கள். கெல்லினது யாருடைய காசு என்றுதான் யாரும் யோசிக்கவில்லை.

வந்து இறங்கியது ஒரு பெட்டி இல்லை, ஒரு குடும்பம். இடுப்புயரப் பெட்டி, ஜன்னலளவு திரை, இரண்டு ஸ்பீக்கர், உள்ளே சிவப்பும் நீலமுமாக மினுக்குகிற விளக்குகள். அதை வைக்க அந்த வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. கட்டிங் டேபிள்.

"என்னங்க, இது என் வேலை செய்யற மேசை. நான் எங்க துணி வெட்டுவேன்?"

"கொஞ்ச நாளைக்குத் தரையில போட்டு வெட்டேன். குடியா முழுகிப் போகும்?"

அவள் தரையில் உட்கார்ந்து வெட்டினாள். நாற்பத்தொன்பது வயது முழங்கால் இரண்டாம் நாளே வீங்கிவிட்டது. தரையில் சாக்பீஸ் கோடு நேராக விழவில்லை. அவள் கையால் அதுவரை கோணாத ஓரம் கோணியது. கம்ப்யூட்டரிலாவது அளவுகளை ஏற்றலாம் என்று போனால், "நீ தனியாத் தொடாத. பெரிய மெஷின், கெட்டுப் போச்சுன்னா வம்பு. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து சொல்லித் தருவார்" என்றார் கணவர். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். மூன்று மணி நேரம் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடினார். போகிற நேரத்தில் பத்து நிமிஷம் இடம் விட்டார். இப்படி நான்கு ஞாயிறு போயிற்று. ஞாயிறுக்கு ஒருவராக நான்கு பேரின் அளவுதான் உள்ளே ஏறியிருந்தது.

நான்காவது ஞாயிறு பலகையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார்: "என்ன மச்சான், இவ்வளவு பெரிய சிஸ்டத்துக்கு மேல பழைய நோட்டை அடுக்கி வச்சிருக்கீங்க? பார்க்கவே அசிங்கமா இருக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகு நோட்டு எதுக்கு?"

மறுநாள் தையலக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பழைய பேப்பர்காரர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். கணவர் பன்னிரண்டு நோட்டையும் இறக்கிச் செய்தித்தாளோடு சேர்த்துப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் வாங்கி வைத்தார். பெண்டாட்டி வந்து பார்த்தால் மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தார் பாவம். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அவள் வந்தாள். பலகையைப் பார்த்தாள். "நோட்டு எங்க?"

"போட்டுட்டேன். அதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கே?"

"யாரு ஏத்தினா?"

அப்போதுதான் அந்தக் கேள்வியே அவருக்கு உதித்தது. அவளோ செருப்பைக்கூட மாட்டாமல் பேப்பர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் கையை விரித்தார். மதிய லாரியில் ஏற்றியாயிற்றாம். ஆலைக்குப் போய் அரைக்கக் கொட்டியிருப்பார்களாம். கடை வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படி அழுது தெரு பார்த்ததில்லை.

கணவர் பின்னாலேயே வந்து நின்றார். "இதுக்குப் போய் ஏன் இப்படி அழற? மறுபடி அளந்தாப் போச்சு" என்றார்.

இரண்டு நாள் கழித்து, பழைய வாடிக்கையாளரான ஒரு டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தந்தவர். முதுகெலும்பு வளைந்து ஏழு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா. மாற்றிப் போடுகிற உடுப்பு இரண்டும் கிழிந்துவிட்டது, அவசரம் என்றார் அக்கா. தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்ததால் தையலக்கா கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்ததால் அவரும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார்.

டேப்பைப் பார்த்ததுமே டீச்சரின் முகம் மாறியது. "எதுக்கு அக்கா டேப்? முன்னாடியே எழுதிட்டுப் போனீங்களே. இனிமே தூக்க வேண்டியதில்லன்னு சொன்னீங்களே."

"நோட்டு... தொலைஞ்சு போச்சும்மா" என்றாள் தையலக்கா, தலையை நிமிர்த்தாமல்.

டீச்சர் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரி, தூக்குங்க" என்றார்.

டீச்சரின் அக்கா இடுப்பைப் பிடித்தார். கணவர் தோளுக்கு அடியில் கை கொடுத்தார். கிடங்கில் எத்தனையோ மூட்டை தூக்கி இறக்கிய கை அது. அரையடி தூக்கியதும் டீச்சரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையும் இல்லை, அலறலும் இல்லை. பல்லைக் கடித்து அடக்கி அடக்கி, அதையும் மீறி வெளியே வந்தது. கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை எடுக்கவும் முடியாது, எடுத்தால் இன்னும் வலிக்கும். தையலக்கா டேப்பை நுழைத்து, அளந்து, எண்ணைச் சொல்லி, தாளில் எழுதி, மறுபடி நுழைத்தாள். தோளுக்கு ஒன்று, வளைவுக்கு மூன்று, இடுப்புக்கு இரண்டு. நடுவில் நான்கு தடவை இறக்கி, நான்கு தடவை தூக்கினார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்தபோது டீச்சரின் தலையணை நனைந்திருந்தது.

கணவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நோட்டு தொலையல டீச்சர். நான்தான் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன். கம்ப்யூட்டர் வாங்கினோம், அதனால..." என்று தடுமாறினார்.

"போடுறதுக்கு முன்னாடி இவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"கம்ப்யூட்டர் வாங்குறப்பவாவது கேட்டீங்களா?"

அவர் தலை குனிந்து நின்றார். டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கணவருக்குத் தோன்றியது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். வெயில் சுட்டது. கணவர் மெல்ல, "என்னை மன்னிச்சுடு" என்றார்.

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? எனக்கா வலிச்சுது?" என்றாள் அவள். "கம்ப்யூட்டர்ல ஏறின நாலு பேர் போக, இன்னும் இருநூத்தியெட்டு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தருக்கு எலும்பு தொட்டாலே நொறுங்கும். அவங்களைத் தூக்கச் சொல்லி எந்த வாயால கேப்பேன்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தீங்கன்னா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன் அடித்தது. மாப்பிள்ளை. எடுத்த எடுப்பில், "என்ன மச்சான், தங்கச்சி இன்னும் நோட்டுப் புராணம்தான் பாடுதா? புதுசா அளந்து ஏத்திக்கச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கண்ணீர்தான்" என்று சிரித்தார்.

எப்போதும் கூடவே சிரிக்கிற மச்சான் இன்று சிரிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"மாப்ளே, கொஞ்சம் நிறுத்துங்க. எதை வாங்குறதா இருந்தாலும், அதை வச்சு வேலை செய்யறவங்களை முதல்ல கேக்கணும். அதுல வேலை செய்யறது அவ, அந்தக் காசைச் சம்பாதிச்சது அவ, என்ன வேணும்னு தெரிஞ்சதும் அவளுக்குத்தான். பொம்பளைக்கு என்ன தெரியும்னு நாம ரெண்டு பேரும் அவ வாயை அடைச்சோம். நம்ம வறட்டு கௌரவத்துக்கு இன்னைக்கு ஒரு நோயாளி துடிச்சாங்க. நீங்க நாளைக்கு லீவு போட்டுட்டு வாங்க, அடுத்த வீட்டுல தோளைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும். பிடிச்சுப் பார்த்துட்டு அதுக்கப்புறம் சிரிங்க."