பெத்தணன் பேசிய சம்பந்தம்

எங்கள் கம்பெனிக்குள் தீப்பெட்டி, பீடி, ஊக்கு எதுவும் கொண்டுபோகக் கூடாது. அது நியாயம். பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டியோடு போகிறவனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. ஆளாளுக்குச் செல்போன் வாங்கிய பிறகு அதற்கும் தடை வந்தது. ஏழாயிரம்பண்ணையில் வேன் இறக்கிவிட்டதும் மடியிலிருந்து போனை எடுத்து, வாட்ச்மேன் பெத்தணன் அண்ணாச்சியின் ஓலைப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவோம். சாயங்காலம்தான் திரும்பக் கைக்கு வரும். அப்புறம் எதற்கு அதைத் தினமும் சுமக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவரை எதற்குச் சுமக்கிறேன் என்று நான் கேட்டதில்லை.

முதலில் அண்ணாச்சி, அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டிருந்தார். பெட்டிக்குள் நாள் முழுக்கக் கோயில் கொடைத் திருவிழா மாதிரி சத்தம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஒன்றை எடுத்துப் பேசினார். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா. அன்றிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார், பதிலும் அவரே சொன்னார். பிள்ளைகளோடு தங்க வருவதாகச் சொன்ன என் நாத்தனாரிடம், வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். கோபப்பட வேண்டிய விஷயம்தான். நான் அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

வேல்விழி என் பக்கத்தில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா வாயில்லாப் பூச்சி. ஆனைக்குட்டம் பக்கம் இன்னொரு கம்பெனியில் வேலை பார்க்கும் பிரபாகரனுக்குப் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று பூ வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் அவளுக்கு ஒரு போனும் கொடுத்தார்கள். ஆனால் அவள் ஊரில் டவர் கிடையாது. எங்கள் கேட்டில்தான் லைன் கிடைக்கும். ஆக, மாப்பிள்ளையோடு தினமும் பேசியது பெத்தணன் அண்ணாச்சி.

சாயங்காலம் வேன் ஹாரன் அடிக்கும்போது போனோடு செய்தியும் வரும்.

"சாப்பிட்டாளான்னு மாப்பிள்ளை கேட்டாக. சாப்பிட்டான்னு சொல்லிட்டேன்."

"முகூர்த்தச் சேலை ஊதா எடுக்கவான்னாக. எனக்கு ஊதா பிடிக்காது. மாம்பழக் கலரு எடுக்கச் சொல்லிட்டேன்."

வேல்விழி வெட்கப்படுவாள். மாப்பிள்ளை எதிரில் இல்லாததால் அண்ணாச்சியைப் பார்த்தே வெட்கப்பட்டுப் பழகிவிட்டாள், பாவம்.

ஒரு வியாழக்கிழமை போனைக் கொடுத்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மனசைத் தேத்திக்கோ தாயி. கல்யாணம் நின்னு போச்சு."

"யாரு நிறுத்துனா?"

"நாந்தேன்."

வேனில் வைத்த காலை எல்லோரும் இறக்கினோம். கல்யாணத்துக்கு அப்புறம் வேல்விழி அவர்கள் கம்பெனி மருந்து ரூமுக்கு வந்துவிட வேண்டும், அங்கே கூலி அதிகம் என்று அந்தப் பக்கம் சொன்னார்களாம். மருந்து ரூம் என்றால் வெடிமருந்து கலக்கிற இடம். அங்கே ஓர் உரசல் பட்டால் ஆளை அள்ளத்தான் வேண்டும்.

"எங்க பிள்ளை மருந்து ரூமுக்கு வராது, ஒங்க சம்பந்தமும் வேண்டாம்னு வச்சுட்டேன்" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் கேட்டேன். வேல்விழி மட்டும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேனில் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"எனக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் சண்டை போட்டதில்லக்கா" என்றாள்.

மறுநாள் மட்டம் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறினோம். அந்தக் கம்பெனி கேட்டில் சங்கையா என்று ஒரு வாட்ச்மேன். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி நிறையப் போன்கள். வேல்விழி பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"நீதானா அந்தப் பொண்ணு? ஒங்க மாமாவுக்கு வாய் ரொம்ப நீளம்மா."

அவளுக்கு மாமாவே கிடையாது. பிரபாகரனின் போனும் இந்த வாளிக்குள்தானே கிடக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மத்தியானம் ஒரு போன் போட்டு, கேட்டுச் சொல்லுங்கன்னு தம்பி சொல்லிட்டுப் போகும்" என்றார் சங்கையா. இத்தனை நாளும் சம்பந்தம் பேசியது இரண்டு வாட்ச்மேன்கள்.

"அந்த மருந்து ரூம் பேச்சு யாரு பேசுனா?" என்றேன்.

"நாந்தேன். மாப்பிள்ளை வீடுன்னா கொஞ்சம் கெத்தா இருக்க வேண்டாமா?"

பிரபாகரனைக் கூப்பிட்டுவிட்டார். வந்தான். விரல் நுனியிலிருந்து கண் இமை வரைக்கும் அலுமினியப் பொடி. மருந்து ரூமில் இருப்பது அவன்.

வேல்விழி அவனிடம் முதன்முதலாகப் பேசினாள். "நீங்க அங்கனயா இருக்கீக?"

"கூலி கூட..." என்று இழுத்தான்.

"ஒங்களுக்காகச் சண்டை போட யாருமில்லையா?"

அவன் சங்கையாவைப் பார்த்தான். சங்கையா வாளியைப் பார்த்தார்.

"அப்ப நான் போடுதேன். அந்த ரூமை விட்டு வெளிய வந்துட்டுப் பேசுங்க. அதுவரைக்கும் கல்யாணம் நின்னது நின்னதுதான்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். எனக்குத்தான் பயம். அப்பா இல்லாத வீட்டுக்கு இன்னொரு வரன் சும்மா வந்துவிடுமா?

அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. அண்ணாச்சி குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, யார் போனையும் எடுக்காமல் பெட்டியைச் சாக்குப் போட்டு மூடிவைத்தார். வேல்விழி பின்னிய சரத்தைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவர் வெயிலில் ஓடி வந்தார். "தாயி, லைன்ல ஆளு இருக்காக. கேட்டுக்கு ஓடியா."

ஓடினோம். நானும் போனில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"சங்கையா அண்ணாச்சியா?" என்றாள்.

"இல்ல. நான் பிரபாகரன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "வேலை நேரத்துல ஒங்க கையில எப்படி போன்?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் கடந்துபோகிற சத்தம் கேட்டது.

"மருந்து ரூமை விட்டுட்டேன்" என்றான். "ரோட்டுல நிக்கேன்."