முதல் லான்ஸ்டனின் மிச்ச வெனீர்

லான்ஸ்டன் காரின் நான்காவது மாடல் வெளிவர ஆறு வாரம் இருந்தது. முதல் மாடலின் மிச்ச வெனீர்களை, அதாவது காருக்குள் ஒட்டும் மெல்லிய மரத் தகடுகளை, குப்பைக்கு அனுப்பச் சொல்லும் தாள் கெல்சியின் மேசைக்கு வந்தது. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். லான்ஸ்டன் செய்யும் இங்கிலாந்தின் செஷயர் தொழிற்சாலையில், மரப் பட்டறையில் அம்மா டெனிஸ் இன்றும் வெனீர் பொருத்துகிறாள். மகள் மாடியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. தாளில் விழவேண்டிய கையெழுத்து அவளுடையதுதான்.

ஒவ்வொரு காருக்கும் ஒரே மரத்திலிருந்து வெனீர் சீவி, ஒரு துண்டை மிச்சம் பிடித்து, கார் எண் போட்டு அடுக்குவார்கள். இருபது வருஷம் கழித்து இடித்துக்கொண்டு வந்தாலும் அதே மரத்தால் ஒட்டலாம். முதல் மாடலில் கதவுக்குக் கதவு வால்நட் மரம்தான். இரண்டாவதில் விளக்குகள் கூர்மையாயின, மரம் ஒல்லியானது. மூன்றாவதில் டேஷ்போர்டின் நடுவில் திரை வந்து உட்கார்ந்தது. நான்காவதில் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினே போய் பேட்டரி ஏறிவிட்டது.

மேலாளர் ரூபர்ட் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "இன்னும் கையெழுத்துப் போடலையா கெல்சி? புது மாடலுக்கு வந்த திரைப் பெட்டியெல்லாம் வைக்க எடமில்லாம லாரியிலயே கெடக்கு."

"மரம் பத்திரமா இருக்கும்னு வாங்கினவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கோம், ரூபர்ட். அதை என் கையால கிழிக்கணுமா?"

"இருபது வருஷத்து வண்டி. யாரு கேக்கப்போறா?"

"நீங்க வந்து எட்டு மாசம். கேக்கறவங்கள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அடுக்கு காலியாகணும். எப்படிங்கறது உன் பாடு."

மதியம் கெல்சி அம்மாவை அந்த வெனீர் அடுக்குக்குக் கூட்டிப் போனாள். பழைய பசையும் வால்நட்டும் கலந்த வாசனை. சின்ன வயதில் அம்மாவின் தலைமுடியில் அடித்த வாசனை. டெனிஸ் ஒரு துண்டைத் திருப்பினாள். ஒட்டினால் மறைகிற பக்கம் என்பதால் பட்டறைக்காரர்கள் அன்றைய சேதியை அங்கே பென்சிலால் கிறுக்குவார்கள். 'மழை. பாரி மறுபடியும் லேட்.'

"நம்ம பட்டறைப் பாரி செத்து ஏழு வருஷமாச்சு. இன்னும் லேட்டாவே வரான் பாரு." டெனிஸ் சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாமாம்மா?"

"நம்மளுதாடி இது? கார் வச்சிருக்கறவனுது. கதவுல கீறல் விழுந்தா அவன் உன் அலமாரியையா வந்து தட்டுவான்?"

கெல்சி மேலே போய்த் தாளில் 'குப்பை' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். 'உரிமையாளருக்கு அனுப்புக' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ரூபர்ட் முறைத்தார். "எப்படிங்கறது என் பாடுன்னீங்க" என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். அம்மாவும் மகளும் மூன்று நாள் அட்டை வெட்டி, முகவரி ஒட்டினார்கள்.

வியாழக்கிழமை ஒரு துண்டின் பின்னால் அம்மாவின் கோணல் எழுத்து. 'கெல்சி இன்னைக்குப் பள்ளிக்கூடம் போனா. அவ அழல. நான்தான் அழுதேன்.' அந்தக் கார் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரத்தில் இருந்தது. அங்கே யாராவது இதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒட்டிவிடுவார்கள். கெல்சி வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, அடுத்த எண்ணைத் தேடினாள்.