காலர் ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம்

பனியன் கம்பெனி வைத்த நாளிலிருந்து வெள்ளியங்கிரி யாரையும் நம்பியதில்லை. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியில் நிறம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் ஒருவர்தான். துணியைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரே. தூக்கத்தையும் அவர் நம்பவில்லை. கண்ணை மூடினால் கம்பெனியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வருஷக்கணக்காகக் கோழித் தூக்கம்தான். மனைவி மயிலாத்தாளோ படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். "மூளை இருந்தாத்தான கவலை வரும்" என்று சொந்தக்காரர்களிடம் அவர் விளக்கம் சொல்வார்.

இரண்டாயிரத்து நாலில், எழுபதைத் தொட்ட வருஷம், ஒரு சட்டை ஆர்டருக்கு உடம்புத் துணியில் காலையில் ஒரு நீலத்தைச் சரி என்றார். சாயங்காலம் டியூப்லைட் அடியில் காலர் துணியில் வேறொரு நீலத்தைச் சரி என்றார். காலையில் பார்த்தது நினைவில் இல்லை. அவர் கையெழுத்துக்கு மேல் பேச்சில்லை என்பதால் அத்தனையும் அப்படியே தைக்கப்பட்டது.

மகன் தரணீதரன் அதில் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான்.

"எந்தக் கேனயன் பாஸ் பண்ணுனது?" என்றார் வெள்ளியங்கிரி.

மகன் மரியாதைக்காரன். சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கோயமுத்தூரில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினான். நிறம் பார்க்கும் வேலை இனி அப்பாவிடம் இருக்குமா என்பதை அங்கே கேட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு.

டாக்டரம்மா குடை, எலுமிச்சை, ரயில் என்று மூன்றைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"தூங்குனா ஏமாத்திப்போடுவாங்கம்மா."

"யாருங்க?"

"அல்லாருந்தான்."

"சரி, அந்த மூணையும் சொல்லுங்க."

"குடைங்க." வெள்ளியங்கிரி யோசித்தார். "மிச்சம் இன்னும் வந்து சேரலீங்க."

"எலுமிச்சையும் ரயிலுமுங்க" என்றாள் பின்னால் இருந்த மயிலாத்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"நீங்க நல்லாத் தூங்குவீங்களாம்மா?"

"அதொண்ணுதானுங்க உருப்படியாச் செய்யறேன். இவிகளே சொல்லுவாங்க."

ஓயாத கவலையும் கெட்ட தூக்கமும் வயதான மூளைக்கு ஆகாது என்றார் டாக்டரம்மா. அது மட்டுமே காரணமா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். போன ஞாபகம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தூங்கப் பழகுங்கள், துணி பார்ப்பதை வேறு ஆளிடம் கொடுங்கள்.

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை.

காரில் திரும்பும்போது மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "யாருகிட்டங்கப்பா கொடுக்கறது?"

"உங்கம்மாகிட்டக் கொடு. அவளுக்கு ஏமாத்தறதுக்குத் துப்பில்ல."

"அதுவுஞ் சரிதானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

மறுநாள் காலை அவள் சாயப்பட்டறையிலிருந்து புதிதாக வந்த இரண்டு துணிகளை வாசல் வெயிலில் சேர்த்துப் பிடித்தாள். "இது வேற, அது வேற. திருப்பி அனுப்பு கண்ணு" என்றாள் மகனிடம். பிறகு, மரியாதைக்காக, கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் நீட்டினாள். "உங்களுக்கு எப்படித் தெரியுதுங்க?"

வெள்ளியங்கிரி பார்த்தார். இரண்டும் ஒரே நீலமாகத்தான் இருந்தன.

"உனக்கு எப்படித் தெரியுதோ அப்படித்தான்."

"அப்பப் போயிப் படுங்க" என்றாள்.

போய்ப் படுத்தார்.