ஓடாத லிஃப்டும் ஒரு வாசகமும்

அவருக்குப் பட்டன் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது மாமனார். முதல்முதலாக வீட்டுக்கு வந்தபோது என்ன வேலை என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் வரும் பட்டன்களிலும் அறிவிப்புகளிலும் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிற வேலை என்று இவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். மாமனார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"அதுல 'சரி', 'ரத்து' ரெண்டுதானே இருக்கு? அதுக்கு ஒரு ஆளா?" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அவர் பட்டன் மாப்பிள்ளை. சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய வெளிநாட்டுத் தேடல் நிறுவனத்தின் உள்நாட்டுக் கிளையில். தேடினால் கிடைக்கும் என்பது அந்த நிறுவனம் உலகம் பூராவும் அடித்துக்கொள்ளும் தம்பட்டம். இந்த நாட்டில் மட்டும் எது கிடைக்கலாம், எது கிடைக்கக் கூடாது என்பதை ஓர் அமைச்சகம் பார்த்துக்கொண்டது. அமைச்சகம் எதையும் எழுத்தில் தராது. ஃபோன் வரும். "அந்த விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்பார்கள். அவ்வளவுதான். சாயங்காலம் தேடினால் அந்த விஷயம் இருந்த சுவடே இருக்காது. தலைமையகத்தில் யாராவது கேட்டால், எழுத்துபூர்வமான தடை உத்தரவு எதையும் நாங்கள் பெறவில்லை என்று நிறுவனம் சொல்லும். பத்திரிகைக்காரர்கள் கேட்டால், நாங்கள் எதையும் தடை செய்யவில்லை என்று அமைச்சகம் சொல்லும். இரண்டுமே உண்மை. அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில்தான் ஊர்ப்பட்ட விஷயங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

அமைச்சகத்திலிருந்து அப்படி ஃபோன் போடுகிறவர்களில் ஒருவர் மாப்பிள்ளையின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். ஆபீஸ் விஷயம் பேசுவதில்லை என்று இருவருக்கும் சொல்லாமலே ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதைப் பாலம் வந்து உடைத்தது.

மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் தினமும் பெரிய பாலத்தைத் தாண்டித்தான் போவாள். தூணில் விரிசல் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்ல, அவள் கணவரின் நிறுவனத் தேடலிலேயே தேடிப் பார்த்தாள். சூரிய உதயத்தில் பாலம் வந்தது. விளக்கு அலங்காரத்தில் பாலம் வந்தது. பாலத்தில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்ட புதுமணத் தம்பதிகள் வந்தார்கள். விரிசல் வரவில்லை. வேலையில்லாதவர்கள் கிளப்பிவிட்ட புரளி என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"நீ இன்னும் அந்தப் பாலத்துலயா போற? வேணாம்மா. சுத்துப் பாதையில போ."

"ஏண்ணா?"

"தூண்ல விரிசல். போட்டோவெல்லாம் வந்திருந்துச்சு. நாங்கதான் தேடல்லேருந்து எடுக்கச் சொன்னோம்." பிறகு நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்பதுபோல மாப்பிள்ளையைக் காட்டி, "இவங்கதான் எடுத்தாங்க" என்றார்.

மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எடுத்தீங்க, சரி. அது உங்க பொழப்பு. எடுத்திருக்கோம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்? ஒண்ணுமே இல்லைன்னு நம்பித்தானே நான் தினம் போய்ட்டு வந்தேன்?" அப்புறம் கணவர் பக்கம் திரும்பினாள். "அந்த ஒரு வார்த்தையை எழுதறதுதானே உங்க வேலை?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாராவது அவர் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். "எழுதறேன்" என்றார். வேறென்ன சொல்வது?

எழுதினார். 'இந்தத் தேடலில் சில முடிவுகள் மறைக்கப்பட்டுள்ளன.' யாரையும் திட்டவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, இருப்பதைச் சொன்னது. இத்தனை நாள் 'மீண்டும் முயலவும்', 'தொடரவும்' என்று எழுதிக்கொண்டிருந்தவருக்கு, தான் எழுதியதிலேயே இதுதான் உருப்படியான வாசகம் என்று பட்டது. ஒப்புதலுக்கு அனுப்பினார்.

தலைமையகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. காரணம் இருந்தது. சர்வாதிகாரத்துக்குச் சாமரம் வீசுகிறார்கள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் அந்தச் சமயத்தில் நிறுவனத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தன. உலகத் துணைத் தலைவர் என்ற பதவியில் இருந்தவர் பெரிய திரையில் தோன்றி, இந்த வாசகம்தான் நம் நிறுவனத்தின் ஆன்மா என்று தொண்டை கம்மப் பேசினார். பேச்சு முடிவதற்குள் கிளை ஊழியர்கள் அவருக்கு ஆன்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாசகம் தேடல் திரையில் வந்தது. பனியனில் வந்தது. கேன்டீன் சுவரில் வந்தது. காபிக் கோப்பையில்கூட அச்சடித்துவிட்டார்கள். 'சில முடிவுகள் மறைக்கப்பட்டுள்ளன' என்ற கோப்பையில் காபி குடித்தவர்களுக்கு, காபியில் எதை மறைத்திருப்பார்கள் என்ற யோசனை வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஃபோன் வந்தது. "அந்த வாசகத்தைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."

நிறுவனத்தின் நிரந்தர உரிமம் அப்போது அமைச்சகத்தின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆன்மா அடித்துப்பிடித்து விமானம் ஏறினார். கிளம்பும்போது கனமாக இருந்த கொள்கை, வழியில் எங்கோ இளைத்துவிட்டிருக்க வேண்டும். வந்திறங்கியதும் ஊழியர்களைக் கூட்டி, வாசகத்தைச் சாம்பல் நிறத்தில் போட்டால் என்ன என்று கேட்டார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடலாமா என்றார். மத்தியானத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஆன்மா என்பது உள்ளே இருப்பது, அதை வெளியே எழுதிக் காட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்? இந்தத் தத்துவத்துக்கு 'மௌனமான வெளிப்படைத்தன்மை' என்று பெயரும் கொடுத்து, அழகான படங்களோடு தயார் செய்துகொண்டார். மறுநாள் அமைச்சகத்துக்கு மாப்பிள்ளையும் வர வேண்டும். வாசகத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், "உடனே எடுத்துடலாம்" என்று சொல்வது மட்டும்தான் அவருக்கு இட்ட வேலை.

மறுநாள் காலையில் மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பினாள். சுற்றுப் பாதை தூரம். வாசலில் நின்று, "இன்னிக்குத்தானே மீட்டிங்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் மாப்பிள்ளைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அமைச்சகத்தில் இயக்குநரின் அறை உச்சி மாடியில் இருந்தது. லிஃப்டின் கதவில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. அட்டை பழுப்பேறி, நூலாம்படை கட்டியிருந்தது. ஆனால் அதற்கு மேலே இருந்த பித்தளைப் பலகை மட்டும் பளபளவென்று துலங்கியது. இந்த லிஃப்டைத் தொடங்கி வைத்தவர் இன்னார் என்று முன்னாள் இயக்குநர் ஒருவரின் பெயரும் பட்டங்களும் அதில் இருந்தன. ஆன்மா மூச்சு வாங்கப் படியேறினார். மாப்பிள்ளைக்கு எழுத்து எங்கே இருந்தாலும் நின்று படிக்கிற தொழில் வியாதி உண்டு. முதல் மாடியில் தண்ணீர் வராத குடிநீர்த் தொட்டிக்கு ஒரு பலகை இருந்தது. அடுத்த மாடியில் பூட்டிக் கிடந்த கழிவறைக்கு ஒரு பலகை. அதற்கும் மேலே, அகலப்படுத்திய ஜன்னலுக்குக்கூட ஒரு பலகை.

அழைத்துப்போக மச்சான் பாதி வழியில் இறங்கி வந்தார். மாப்பிள்ளை அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் எப்போது கெட்டுப்போனது என்று கேட்டார்.

"கெட்டுப்போச்சா? அது ஓடினதே திறப்பு விழா அன்னிக்குத்தான். அதுவும் பாதி வழி."

"அப்ப கழட்டிட்டு வேற வைக்கலாமே, மச்சான்?"

மச்சான் அவரைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பலகை இருக்குல்ல மாப்ள. பலகை வெச்சதை எவன் எடுப்பான்? இன்னிக்கு அவர் வெச்சதை இவர் எடுத்தா, நாளைக்கு இவர் வெச்சதை அடுத்தவர் எடுப்பாரு. அந்தப் பயம் போதாதா?"

மாப்பிள்ளை மிச்ச மாடிகளின் பலகைகளையும் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே ஏறினார்.

இயக்குநர் ஒரு விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுவர் நிறைய அவர் ரிப்பன் வெட்டும் படங்கள். எதையும் நேராகச் சொல்லாமல், நாட்டின் அமைதி, மக்களின் மனநிலை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வாசகத்துக்கு வந்தார்.

"மறைக்கப்பட்டுள்ளனன்னு போட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க? யாரோ எதையோ மறைச்ச மாதிரில்ல இருக்கு?"

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆன்மா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, மௌனமான வெளிப்படைத்தன்மைக்காக லேப்டாப்பைத் திறக்கத் தொடங்கினார். அது திறந்துவிட்டால் வாசகத்தின் கதை முடிந்தது. மாப்பிள்ளைக்கு வாசலில் நின்ற ஹெல்மெட் நினைவுக்கு வந்தது. இட்ட வேலையை விட்டுவிட்டுப் பேசினார்.

"ஐயா சொல்றது சரிதான். அந்த வாசகத்துல ஒரு குறை இருக்கு."

இயக்குநர் நிமிர்ந்தார்.

"உங்க பிரிவு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இவ்வளவு பெரிய வேலை பாக்குது. யார் தயவுல நடக்குதுன்னு எங்கயாவது இருக்கா? மொட்டைக் கடுதாசி மாதிரி மொட்டையா நிக்குது. கீழ இருக்கிற லிஃப்டுக்குக்கூட ஒரு பலகை இருக்கு."

மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இயக்குநரின் விரல்கள் நின்றன.

"பலகையா?"

மேலே அமைச்சகத்தின் முத்திரை, நடுவில் வாசகம், கீழே தொடங்கி வைத்தவர் என்று ஐயாவின் பெயர், எல்லாம் தங்க நிறத்தில் என்று மாப்பிள்ளை காற்றில் வரைந்து காட்டினார். மச்சான் கூரையில் எதையோ தேடுவதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநருக்கு ஆசை வந்துவிட்டது, கூடவே சந்தேகமும் வந்தது. நாங்கள்தான் எதையும் மறைக்கச் சொல்வதே இல்லையே என்று இழுத்தார்.

"மறைக்கச் சொன்னதா போடல ஐயா. வாசகத்தைத் தொடங்கி வெச்சதாத்தான் போடறோம்." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "லிஃப்டை இந்தக் கட்டடத்துக்கு வர்றவங்க மட்டுந்தான் பாக்கறாங்க. இதை நாடே பாக்கும்."

அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. எதையும் எழுத்தில் தராத அமைச்சகம் முதன்முதலாக, அங்கேயே, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது. பெயரிலும் பட்டங்களிலும் பிழை வந்துவிடக் கூடாது அல்லவா? ஆன்மாவுக்கு என்ன நடந்தது என்று பிடிபடவில்லை. இயக்குநர் சிரித்ததால் அவரும் சிரித்தார். திரும்பி வரும் வழியில் தலைமையகத்துக்கு ஃபோன் போட்டு, எவ்வளவு நெருக்கடி வந்தும் நம் ஆன்மாவை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னார். காரில் இருந்த யாரும் மறுக்கவில்லை. உரிமமும் அதே வாரம் கைக்கு வந்தது.

ஒரு வாசகத்துக்குத் திறப்பு விழா நடந்தது அநேகமாக அந்த நாட்டில் மட்டும்தான் இருக்கும். பெரிய திரைக்கு முன்னால் ரிப்பன் கட்டினார்கள். இயக்குநர் வெட்டினார். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. பலகை தெரிய வேண்டுமென்றால் மறைத்த விஷயம் ஒன்றைத் தேடியாக வேண்டும். எதைத் தேடுவது என்று அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை முன்னால் வந்து பெரிய பாலம் என்று தட்டினார். சூரிய உதயத்துக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும் மேலே தகதகவென்று எழும்பி வந்தது பலகை. கைதட்டல் ஓய வெகுநேரமானது. மச்சானும் தட்டினார், ஆனால் சத்தம் வரவில்லை.

மறுநாள் பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாமனார், "அப்ப 'சரி', 'ரத்து' போக மூணாவதா ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

ஜனங்கள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். தங்கம் தெரிந்தால் விஷயம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில், தெரிந்தவர்களிடத்தில் விசாரி. மருந்து வாங்குகிறவர்கள், வீடு வாங்குகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் பலகை வருகிறதா என்று பார்த்தார்கள். பலகையை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு மாதாமாதம் இயக்குநரின் மேஜைக்குப் போனது. அவருக்கு வாயெல்லாம் பல். பெரிய பாலத்தில் போக்குவரத்து குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஈ காக்காய் இல்லை. இதைவிட வசதியான நேரம் வராது என்று பொதுப்பணிக்காரர்கள் சாரம் கட்டித் தூணைச் சரி செய்தார்கள். சரி செய்த கையோடு அங்கேயும் ஒரு பலகை வைத்தார்கள். மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து, "இது ஓடற பலகையா, ஓடாத பலகையா?" என்று கேட்டாள். கேட்டதோடு விடவில்லை. மறுநாள் ஆற்றங்கரையில் இறங்கி, தூணைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டரைப் பாலத்தில் ஏற்றினாள்.

பிற்பாடு இயக்குநர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் வேலையாக அந்த வாசகத்தைத் தூக்கப்போவதாக மிரட்டிப் பார்த்தார். லிஃப்ட் வேலை செய்யாததால் ஒரு வாரம் மாடிக்கு மாடி பலகைகளைப் பார்த்துக்கொண்டே படியேறி இறங்கினார். பிறகு, பழைய பலகைக்குக் கீழே 'மேம்படுத்தியவர்' என்று தன் பெயரில் இன்னொன்று சேர்க்கச் சொன்னார். இடம் பொருந்துவதற்காக வாசகத்தின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை முனகாமல் செய்துகொடுத்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேஜைதான். போன வாரம் மச்சான் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம் என்று தேடினாராம். பலகை வந்ததாம்.

"மாப்ள, அந்தக் கடற்கரையில என்னய்யா இருக்கு?"

"என்னைக் கேட்டா? உங்க ஆபீஸ்தானே எடுக்கச் சொல்லியிருக்கும்?"

"அது பக்கத்து செக்‌ஷன். எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க."

மனைவி வந்த சிரிப்பை அடக்கவில்லை. "பேசாம மலைக்குப் போங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தாள். மச்சான் இடது கையால் ஃபோனை எடுத்து மலையைத் தேடினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பனி வந்தது, மரங்கள் வந்தன, ஒரு குரங்கு வந்தது. கடைசிவரை தள்ளிப் பார்த்தும் பலகை வரவில்லை. மச்சான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டைத் தங்கச்சி பக்கம் நகர்த்தினார்.